ஜோடியக்காவின் உதைக் கணக்கு

சாக்ஸ் கம்பெனியில் ஜோடி சேர்க்கும் மேசை ஒன்று உண்டு. பன்னிரண்டு அடி நீளம், மூன்றரை அடி அகலம். நடுவில் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் குழல்விளக்கு. மெஷினிலிருந்து எந்த சாக்ஸும் ஜோடியாக வருவதில்லை, ஒவ்வொன்றாகத்தான் விழுகிறது. ஒன்று கால் அங்குலம் கூடுதலாக இருக்கும், இன்னொன்றின் குதிகால் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். வெளிச்சத்தில் இரண்டை இழுத்துப் பார்த்து, அளவும் நிறமும் ஒத்துப்போனால் ஒன்றின் மேல் ஒன்றை வைத்து நோட்டில் ஒரு கோடு போட வேண்டும். ஒரு கோடு என்றால் ஒரு ஜோடி. ஒற்றைக்குக் கோடு கிடையாது. துணை வரும்வரை அது மேசை ஓரத்துப் பெட்டியில் கிடக்கும்.

அந்த மேசையில் அவள் பதினோரு வருடம் நான்கு மாதம் நின்றிருந்தாள். ஒரு நாளைக்கு எண்ணூறு ஜோடிக்குக் குறைந்ததில்லை. வாய் வம்பளந்துகொண்டிருக்கும், மனசு எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும், கை அதுபாட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கும். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் ஒரு கோடு கூடியிருக்காது, குறைந்திருக்காது. சூப்பர்வைசரிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் ஜோடியக்கா.

கர்ப்பத்தின் முப்பதாவது வாரத்தில் கால் வீங்க ஆரம்பித்தது. சூப்பர்வைசர் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

"அக்கா, உட்கார்ந்தா உங்களுக்கு மேசை எட்டல, நின்னா வயிறு இடிக்குது. மேசையில ஒரு வளைவு வெட்டச் சொல்லட்டுமா?" என்றாள் பக்கத்தில் நிற்பவள்.

"வெட்டச் சொல்லு. நான் போனப்புறம் உன் தொப்பைக்கு உதவும்" என்றாள் ஜோடியக்கா.

சிரித்துக்கொண்டேதான் விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டாள். சும்மா இருப்பது தனக்குத் தெரியாத வேலை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

வீடு மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு குறுகலான பால்கனி. கீழிருந்து மேலே ஐம்பத்திரண்டு படி. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அந்த வட்டாரத்தில் பதினேழு கட்டடங்களின் லிஃப்ட் அவன் பொறுப்பு. அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. முதலில் சிரித்தது கீழ்த்தளத்தில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்த நாத்தனார். புருஷனுக்கு அக்கா, இவளுக்கு அண்ணி.

"ஊரையெல்லாம் மேல ஏத்தி இறக்குறான், பொண்டாட்டியை மட்டும் நடக்க விட்டிருக்கான்" என்பாள்.

விடுப்பின் முதல் வாரம் ஜோடியக்கா வீட்டைப் புரட்டிப் போட்டாள். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்தாள். வெயில் முகத்தில் விழுகிறது என்று மறுநாள் பழைய இடத்துக்கே தள்ளினாள். கட்டில் நகர்ந்த இடத்தில் சுவரில் ஈரம் பூத்திருந்தது தெரிந்தது. அதைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூச வேண்டும் என்றாள். புருஷன் பூசினான். சுண்ணாம்பு வாடை குழந்தைக்கு ஆகாது என்றாள். கதவு ஜன்னலைத் திறந்து போட்டான். திறந்து போட்டால் தூசி வருகிறது என்றாள்.

"இப்ப திறக்கவா, சாத்தவா?"

"பாதி திறங்க."

"லிஃப்ட்டுல கதவு பாதி திறந்து நின்னா அதுக்குப் பேரு ரிப்பேர்மா."

நாத்தனாரின் மூன்று பிள்ளைகளும் படுத்துப் புரண்ட தொட்டில் ஒன்று மேலே வந்தது. ஒரு பக்கக் கம்பி ஆடியது. மெக்கானிக் அதைக் கழற்றி, கிரீஸ் போட்டு, புது போல்ட் நான்கு மாட்டி, அடியில் பிரேக் வைத்த சக்கரங்களும் பொருத்தினான். அவள் அந்தத் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஆட்டிப் பார்ப்பாள், நிறுத்திப் பார்ப்பாள், மறுபடி ஆட்டுவாள். ஆஸ்பத்திரிப் பையை மூன்று முறை கட்டி மூன்று முறை பிரித்தாள். துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாள். துணிக்கு மாட்டும் கிளிப்புகளை நிறம் பார்த்து இரண்டிரண்டாகக் கோத்து வைத்தாள். கரண்டிகளையும் அப்படியே. மூடி இல்லாத ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் சமையலறையில் நின்றாள்.

ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைதோறும் மூச்சுப் பயிற்சி வகுப்பு நடந்தது. ஆறு பெண்கள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். "கண்ணை மூடிக்கோங்க. உங்களுக்கு ரொம்ப நிம்மதியான ஒரு இடத்தை மனசுல கொண்டுவாங்க" என்பாள் பயிற்சி கொடுப்பவள். ஒருத்திக்குக் கடற்கரை வந்தது, ஒருத்திக்கு அம்மா வீடு வந்தது. ஜோடியக்காவுக்கு அடியில் விளக்கு எரியும் பன்னிரண்டு அடி மேசை வந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அவளும் கடற்கரை என்றாள்.

இவ்வளவு பரபரப்புக்கும் அடியில் ஒரு காரணம் இருந்தது. அவளுக்கும் புருஷனுக்கும் நாத்தனாருக்கும் அது தெரியும், மூன்று பேரும் பேசுவதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே போல ஒரு வயிறு அவளுக்கு இருந்தது. இருபத்தைந்தாவது வாரத்தில், ஒரு சனிக்கிழமை, உள்ளே அசைவு நின்றுபோனது போல இருந்தது. அண்ணியிடம் சொன்னாள். "வேலைக் களைப்பும்மா. பிள்ளையும் தூங்கும்ல. திங்கக்கிழமை பார்த்துக்கலாம்" என்றாள் அண்ணி. திங்கட்கிழமை போனபோது பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சனிக்கிழமையே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நடுவில் இருந்த அந்த இரண்டு நாள் அவளை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் முப்பதாவது வாரத்தில் நர்ஸ் கையில் ஒரு தாளைக் கொடுத்தபோது, ஜோடியக்கா அதைப் பிடித்த பிடியே வேறாக இருந்தது. நாளுக்கு ஒரு வரிசை, வரிசைக்குப் பத்துக் கட்டம்.

"தினமும் ஒரே நேரத்துல, சாப்பிட்டுட்டு, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. ஆரம்பிச்ச நேரத்தை எழுதுங்க. அசைவு தெரியத் தெரிய ஒவ்வொரு கட்டமா கோடு போடுங்க. பத்தும் நிறைஞ்சதும் அந்த நேரத்தையும் எழுதுங்க. ரெண்டு மணி நேரத்துல நிறையலைன்னா உடனே கிளம்பி வந்துடணும்."

"கோடுதானே போடணும் சிஸ்டர்? அது என் தொழிலாச்சே" என்றாள் ஜோடியக்கா.

மறுநாளிலிருந்து மதியம் ஒன்று பத்துக்குப் படுத்தாள். பென்சில் தலையணைக்குப் பக்கத்தில், கடிகாரம் எதிர்ச் சுவரில். முதல் நாள் பத்தும் நிறைய ஒரு மணி நாற்பத்தாறு நிமிடம் ஆனது. இரண்டாம் நாள் ஒரு மணி ஐம்பத்தொன்று. மூன்றாம் நாள் ஒரு மணி முப்பத்தெட்டு. விளிம்பிலேயே போய்க்கொண்டிருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஒருக்களித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு மூச்சுப் பயிற்சி என்ன உதவி செய்துவிடும்? கடைசி இரண்டு கட்டம் வெறுமையாக நிற்கும்போது பென்சிலை அந்தக் கட்டத்தின் மேலேயே ஊன்றி வைத்திருப்பாள். நிறைந்ததும் அரை மணி நேரம் நன்றாக இருக்கும். அப்புறம் நாளைய மதியத்தின் பயம் ஆரம்பிக்கும்.

முப்பத்தோராவது வாரத்தில் ஒரு நாள் பத்து நிறைய இரண்டு மணி நேரமும் நான்கு நிமிடமும் ஆகிவிட்டது. ஐம்பத்திரண்டு படியும் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வயிற்றில் பெல்ட்டைக் கட்டி மெஷினில் பார்த்தார்கள். குழந்தையின் இதயம் கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அனுப்பிவிட்டார்கள். முப்பத்திரண்டாவது வாரத்தில் இரண்டு மணி ஒன்பது நிமிடம். மறுபடி ஓட்டம், மறுபடி பெல்ட், மறுபடி எல்லாம் நன்றாக இருந்தது. முப்பத்து மூன்றாவது வாரத்தில் மூன்றாவது முறை போனபோது வரவேற்பு மேசைப் பெண் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே ஃபைலை எடுத்து வைத்தாள்.

அந்த மூன்றாவது முறைதான் விஷயம் வெளியே வந்தது. மெஷினில் ஒரு பொத்தான் உண்டு. அசைவு தெரியும்போதெல்லாம் தாயே அதை அழுத்த வேண்டும். அன்றைக்கு நர்ஸ் பெல்ட்டைச் சரிசெய்வதற்காக வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை. நர்ஸ் கையே துள்ளியது. ஜோடியக்கா பொத்தானை அழுத்தவில்லை.

"ஏம்மா, தெரியலையா இப்ப?"

"தெரிஞ்சுது சிஸ்டர்."

"அப்ப அழுத்தலையே?"

"இருங்க, இன்னொண்ணு வரட்டும்."

"இன்னொண்ணு எதுக்கு?"

ஜோடியக்கா நர்ஸைப் பார்த்தாள். இது கூடவா தெரியாது என்பது போன்ற பார்வை. "ஜோடி சேர வேண்டாமா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவள் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. நர்ஸுக்கு விளங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. என்ன வேலை, எந்த மேசை, எப்படிக் கோடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப இத்தனை நாளும் இருபது உதை வாங்கிட்டுத்தான் எந்திரிச்சிருக்கீங்களா? அந்தப் பிள்ளைக்கு ஓவர்டைம் கொடுக்கணும்!"

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். திரைக்கு அந்தப்பக்கம் இருந்த டாக்டரம்மாவும் சிரித்தார். ஜோடியக்காவும் சிரிக்கத்தான் செய்தாள், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. மூன்று வாரமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒன்றுமில்லாத ஒன்றா என்ற ஆறுதல் அந்தச் சிரிப்பில் பாதி.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நாத்தனார் கடையில் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்த ஒவ்வொருத்தியும் அந்தக் கதையைக் கேட்காமல் எழுந்திருக்க முடியவில்லை. "ஒத்தையா உதைச்சா எங்க வீட்டுல செல்லாது" என்பாள் நாத்தனார், கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்தபடி. கம்பெனியிலிருந்து பக்கத்து மேசைக்காரி போன் போட்டு, "அக்கா, ஒரு பிள்ளைதானே, இல்ல ஜோடியா?" என்றாள்.

அன்று முதல் ஒற்றை எண்ணிக்கை. பத்து உதை, பத்துக் கோடு. ஐம்பத்தொரு நிமிடம், நாற்பத்தாறு நிமிடம், நாற்பத்தொன்பது நிமிடம். இருபத்திரண்டு நாள் எண்ணியதில் சராசரி நாற்பத்தெட்டு. ஐம்பத்தைந்தைத் தாண்டிய நாள் ஒன்றும் இல்லை. பிள்ளையிடம் ஒழுங்கு இருந்தது. தாயிடம்தான் இல்லை. கையை நம்ப முடியவில்லை. உதை வந்ததும் பென்சில் தாளுக்குப் போகும், பாதியில் நிற்கும். போட்டோமா, இல்லை இன்னொன்றுக்காக நிறுத்தி வைத்தோமா? பதினோரு வருடம் பழகிய விரலை மூன்று வாரத்தில் திருத்த முடியுமா? சில நாள் வாய்விட்டே எண்ணினாள். சில நாள் கோடு போட்ட பிறகு கட்டத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

முப்பத்தாறாவது வாரம் மூன்றாவது நாள், புதன்கிழமை. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டாள். ஒன்று பத்துக்குப் படுத்தாள். ஒன்று பத்தொன்பதுக்கு முதல் அசைவு. உதை என்று சொல்ல முடியாது, தூக்கத்தில் யாரோ போர்வையை இழுத்துக்கொள்வது போல. இரண்டாவது ஒன்று முப்பத்தாறுக்கு. மூன்றாவது ஒன்று ஐம்பத்தெட்டுக்கு.

இரண்டு மணி ஆயிற்று. இரண்டு ஐந்து ஆயிற்று. மூன்று கோடுதான்.

எழுந்து தண்ணீர் குடித்தாள். மறுபடி படுத்தாள். வயிற்றை விரலால் மெல்லத் தட்டினாள். தட்டினால் பதிலுக்கு ஒரு முட்டு வரும், அது அவர்களுக்குள் வழக்கம். வரவில்லை.

அந்தப் பாழாய்ப்போன சந்தேகம் இப்போதுதான் வந்தது. ஒருவேளை இந்த மூன்றும் ஆறாக இருந்தால்? கை பழைய புத்தியில் இரண்டிரண்டாகக் கட்டிப் போட்டிருந்தால்? ஆறு என்றாலும் குறைவுதான், ஆனால் ஓடும் அளவுக்கு இல்லை. தாளில் இரண்டு மணி நேரம் என்றுதான் அச்சடித்திருக்கிறது. அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. இப்போது போய் நின்றால் வரவேற்பு மேசைப் பெண் ஃபைலை எடுப்பாள், நர்ஸ் கம்பியைப் பிடித்துக்கொள்வாள், சாயங்காலம் தெருவுக்குப் புதுக் கதை கிடைக்கும். புருஷனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இருப்பான், அங்கே போன் எடுக்காது.

இரண்டு பதினொன்றுக்கு ஜோடியக்கா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். கட்டி வைத்த பையை எடுக்கவில்லை. செருப்பும் போடவில்லை.

கடையில் நாத்தனார் ஒரு அம்மாளுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். வலது பக்கம் முடிந்து இடது பக்கம் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் தம்பி பொண்டாட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க ஜோடியக்கா! என்ன, பத்து முடிஞ்சுதா, இருபதா?"

"மூணுதான் அண்ணி. ஒரு மணி நேரமாச்சு."

"மூணு ஜோடியா, மூணு ஒத்தையா?" நாற்காலி அம்மாள் களுக்கென்று சிரித்தாள்.

"தெரியல அண்ணி."

"தெரியலையா? சரி விடு. ரெண்டு மணி நேரம்னுதானே தாள்ல போட்டிருக்கு? இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கே. களைப்பா இருக்கும், பிள்ளையும் தூங்கும்..."

அந்த வாக்கியம் அங்கேயே நின்றது.   நாத்தனாரின் முகம் வெளுத்துப்போனதைக் கண்ணாடியில் நாற்காலி அம்மாளும் பார்த்தாள். கத்தரிக்கோல் மேசையில் தட்டென்று விழுந்தது.

"எழுந்திரி, போகலாம்" என்றாள் நாத்தனார். நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அண்ணி, ஒருவேளை நான் தப்பா..."

"தப்பா இருந்தா தப்பா இருக்கட்டும். வா!"

"எனக்குப் பாதி தலை..." என்று ஆரம்பித்த நாற்காலி அம்மாள் தானே நிறுத்திக்கொண்டாள். "நான் கடையைப் பார்த்துக்கறேன், நீங்க போங்க. டாக்ஸி நான் கூப்பிடறேன்" என்று, கழுத்தில் கட்டிய துணியோடு, ஒரு பக்கம் குட்டையும் ஒரு பக்கம் நீளமுமாகத் தெருவில் இறங்கி நின்று கையைக் காட்டினாள். அந்தக் கோலத்தைப் பார்த்துத்தானோ என்னவோ முதல் டாக்ஸியே நின்றுவிட்டது.

  வழியில் நாத்தனார் இவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிக்னலிலும் முன் சீட்டின் முதுகைக் கையால் அடித்தாள். பாலத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் வண்டி நகரவில்லை. "அசையுதா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். ஜோடியக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

இரண்டு நாற்பதுக்கு ஆஸ்பத்திரி. வரவேற்பு மேசைப் பெண் பழையபடி ஃபைலை எடுத்தாள். நர்ஸ் பழையபடி, "வாங்க, இன்னைக்கு என்ன கணக்கு?" என்று சிரித்தபடியே பெல்ட்டைக் கட்டினாள். பொத்தானைக் கையில் கொடுத்து, "ஒத்தைக்கும் அழுத்தணும், என்ன?" என்றாள்.

மெஷினிலிருந்து தாள் வர ஆரம்பித்தது. நர்ஸ் அதைப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அது வேலை செய்வதை நிறுத்திவிட்டது. பெல்ட்டை அரை அங்குலம் நகர்த்திப் பார்த்தாள். ஜோடியக்காவை இடது பக்கம் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் சத்தம் போடாமல் வெளியே போனாள். போன வேகத்தில் திரை இன்னும் ஆடிக்கொண்டிருந்தபோதே டாக்டரம்மாவோடு திரும்பி வந்தாள்.

டாக்டரம்மா தாளை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். "எத்தனை மணிக்குக் குறைஞ்சுது?"

"ஒண்ணு பத்துல இருந்து பார்த்தேன். மூணு. கடைசி ஒண்ணு அம்பத்தெட்டுக்கு. ஆனா எனக்கு எண்ணிக்கை மேல சந்தேகம் டாக்டரம்மா..."

"சந்தேகமெல்லாம் இருக்கட்டும். கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"பன்னெண்டரைக்கு. ஏன்?"

"பிள்ளைக்குப் போற ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்கு. இதயம் நடுநடுவுல இறங்குது. காத்திருக்க வேண்டாம். இப்பவே எடுத்துடலாம்."

அதற்குப் பிறகு எல்லாம் மற்றவர்கள் கையில். யாரோ கையெழுத்து வாங்கினார்கள். யாரோ வளையலைக் கழற்றினார்கள். முதுகில் ஊசி ஏறியபோது, கடற்கரையை நினை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடற்கரை வரவில்லை. மேசையும் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்விட்டது. இப்போது உள்ளே அசைந்தாலும் தனக்குத் தெரியாது என்பது மட்டும்தான் தெரிந்தது. தலைக்கு மேல் இருந்த கடிகாரத்தைத் திரை மறைத்தது. பக்கத்தில் நின்ற நர்ஸிடம் மணி கேட்டாள். மூன்று இருபது என்றாள். மறுபடி கேட்டாள். மூன்று இருபத்தொன்று. மூன்றாவது முறை கேட்க வாயைத் திறந்தபோது திரைக்கு அந்தப்பக்கம் ஏதோ தூக்கப்பட்டது.

சத்தம் இல்லை.

எவ்வளவு நேரம் சத்தம் இல்லை என்று அவள் பிற்பாடு பலரிடம் கேட்டாள். ஒரு நிமிடம் என்று நர்ஸ் சொன்னாள், அரை நிமிடம் என்று டாக்டரம்மா சொன்னார். கோப்பில் நாற்பது வினாடி என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு இருமல் வந்தது. இருமலைத் தொடர்ந்து, மெல்லிய குரலில், ஆனால் விடாமல், ஒரு அழுகை.

மூன்று இருபத்திரண்டுக்குப் பிறந்தது பெண் குழந்தை. இரண்டு கிலோ இருநூற்று அறுபது கிராம். காட்டிவிட்டு உடனே சூட்டுப்பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மெக்கானிக் நான்கரைக்கு வந்து சேர்ந்தான். கை முழங்கை வரை கிரீஸ். குழந்தை இருந்த அறைக்குள் விடமாட்டோம் என்றார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தான். அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். வழக்கமாக அவனைப் பார்த்ததும் ஏதாவது சீண்டுகிறவள், அன்று அவன் கிரீஸ் கையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட ஆரம்பித்தாள். துடைக்கத் துடைக்க அழுதாள். அவனுக்கு எந்த அழுகைக்கு எது காரணம் என்று பிடிபடவில்லை. "அதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்களேக்கா" என்றான்.

"இதுக்கு இல்லடா" என்றாள் அவள்.

நான்கு நாள் சூட்டுப்பெட்டி. இரண்டாம் நாள் சாயங்காலமே ஜோடியக்கா, தையல் இழுக்க இழுக்க, சுவரைப் பிடித்து நடந்து போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். யார் சொன்னாலும் எழுந்திருக்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் இருந்த வட்ட ஓட்டைக்குள் கையை விட்டு உள்ளங்கையைக் குழந்தையின் பாதத்தில் ஒட்டி வைத்திருந்தாள். அது உதைத்தது. நிறுத்தியது. நிறுத்தும்போதெல்லாம் தாயின் கண் மெஷின் திரைக்கு ஓடியது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "பயப்படாதம்மா, நல்லா ஏறிட்டு வருது. ஒண்ணு சொல்றேன், தாள்ல போட்டிருக்கிற ரெண்டு மணி நேரம் எல்லாருக்கும் பொதுவா போட்டது. உங்க பிள்ளைக்கு நாற்பத்தெட்டு நிமிஷம்தான் வழக்கம்னா, வழக்கம் மாறினப்பவே வந்தது ரொம்பச் சரி. இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம்னு இருந்திருந்தா..." என்று சொல்லி, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

நர்ஸ் பின்தங்கினாள். குழாயைச் சரிபார்ப்பது போல, பார்த்த குழாயையே திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்கு நானும் சிரிச்சேன். மனசுல வச்சுக்காதீங்கக்கா. ஆனா ஒண்ணு கேட்கணும். மூணுதான்னு எப்படி அவ்வளவு உறுதியா வந்தீங்க?"

ஜோடியக்கா கையை எடுக்காமலே திரும்பினாள்.

"உறுதி எங்க சிஸ்டர் இருந்தது? என் கையை எனக்கே நம்ப முடியல. மூணா, ஆறான்னு இப்பவும் சத்தியமா தெரியாது."

"அப்புறம்?"

"தப்பா எண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும்? நீங்கல்லாம் சிரிச்சிருப்பீங்க. அவ்வளவுதானே."

 நர்ஸ் பெட்டியின் சூட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். இன்னொரு ஸ்டூலை இழுத்து ஜோடியக்காவின் வீங்கிய காலுக்கு அடியில் வைத்தாள்.